கரையான் தின்றது போக மிச்சமிருக்கும் சேம்பர்ஸ்

பொருள் என்ன, விலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேம்பர்ஸ் ட்வென்டியத் செஞ்சுரி டிக்‌ஷனரி, ஆங்கிலத்துக்கு ஆங்கிலம், 1952ஆம் ஆண்டுப் பதிப்பு, பல கை மாறி வந்த பழைய பிரதி. வாங்கிய இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய கடைவரிசையில் இருக்கும் ஒரு பழைய சாமான் கடை. கடை முதலாளியான தவுக்கே கேட்டது 25 வெள்ளி (ரிங்கிட்), நான் கொடுத்தது 18. பின்னட்டை கிடையாது. ஒய், இசட் இரண்டு எழுத்தையும் கரையான் தின்றுவிட்டது. எஸ் எழுத்துப் பக்கம் முழுக்க ராமபாணப் பூச்சி ஓட்டை போட்டு வைத்திருக்கிறது, பிரித்தால் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறும். இவ்வளவு குறையையும் சொல்லிவிட்டு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கப் போகிறேன், அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்த நீளம்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைக் கேள்விப்பட்டிருந்தால் ஒன்று சரித்திரப் பாடத்தில் கேள்விப்பட்டிருப்பார்கள், 1948 ஜூன் 16 அன்று கம்யூனிஸ்டுகள் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைச் சுட்டுக் கொன்றது இங்கேதான், அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. இல்லாவிட்டால் மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் ஊர் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். மற்றபடி ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் ஒரு தோட்டப்புறப் பட்டணம், அவ்வளவுதான். தோட்டங்கள் கைமாறி, ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு, லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு இறங்கி வந்தபோது, துரை பங்களாவிலும் ஆபீசிலும் கிடந்த சாமான்கள் இந்த மாதிரிக் கடைகளில் வந்து ஒதுங்கின. மேசை, சுவர்க் கடிகாரம், தராசு, கூடை கூடையாக ரப்பர் பால் பிடிக்கும் மங்கு. மங்குகளில் இப்போது சாப்பாட்டுக் கடைக்காரர்கள் செடி வளர்க்கிறார்கள். புத்தகங்களை யாரும் தொடுவதில்லை, கடையின் பின்பக்கம் ஓர் அலமாரியில் அடைத்து வைத்திருக்கிறார் தவுக்கே.

நான் அந்தக் கடைக்குப் போனது ஒரு இடியாப்பத் தட்டு தேடி. இந்தத் தடித்த சிவப்பு அட்டையைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்தது. அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்தவர், சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவர், ஆட்களின் வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோல் எழுதியே முப்பத்து மூன்று வருஷம் ஓட்டியவர். துரை மேசையில் ஒரு தடிப் புத்தகம் இருக்கும், அதை நாங்கள் தொடக்கூடாது என்று சின்ன வயதில் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அது இதுதானா என்று எனக்குத் தெரியாது, ஆனால் முதல் தாளில் ஊதா மையில் ஒரு தோட்ட ஆபீஸ் முத்திரை குத்தியிருந்தது, அது போதும் என்று தோன்றியது. “தங்கச்சி, இது ஆரும் வாங்க மாட்டான், நீ எடுத்துக்கோ” என்றார் தவுக்கே, சொல்லிவிட்டு 25 வெள்ளி என்றும் சொன்னார். யாரும் வாங்காத பொருளுக்கு எதற்கு இந்த விலை என்று கேட்டுத்தான் 18க்கு இறக்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் அது தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. மூன்றாவது நாள் ஆன்லைனில் ரவிக்கைத் துணி ஒன்று பார்த்தேன், நிறம் ஃபியூஷியா என்று போட்டிருந்தது, அது ரோஜாவா ஊதாவா என்று பார்க்கலாமே என்று எஃப் பக்கத்தைப் புரட்டினேன். கைப்பேசியில் தட்டியிருந்தால் ஐந்து விநாடியில் முடிந்திருக்கும் வேலை. ஆனால் ஃபியூஷியாவுக்கு மேலே ஃபப்ஸி என்று ஒரு சொல் உட்கார்ந்திருந்தது. குள்ளமாகவும் பருமனாகவும் இருப்பவர்களுக்கு உள்ள அடைமொழி. நம் பேச்சில் கட்டைகுட்டை. ரவிக்கையை மறந்துவிட்டேன். என் பெரியம்மா அப்படியே கண்முன் நின்றார், தோளில் காண்டாக் கம்பில் இரண்டு வாளி ரப்பர் பாலைத் தூக்கிக்கொண்டு குடுகுடுவென்று நடந்து வருகிற மாதிரி.

இந்த ஃபப்ஸிக்கு ஒரு கதை உண்டு. 2008இல் காலின்ஸ் அகராதிக்காரர்கள், யாரும் பயன்படுத்தாத 24 சொற்களைத் தூக்கிவிடப் போகிறோம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள், அதில் ஃபப்ஸியும் இருந்தது. கிரிசியஸ் என்றால் நரை ஓடிய, சாம்பல் நிறமான. அக்ரெஸ்டிக் என்றால் நாட்டுப்புறத்தைச் சேர்ந்த, பட்டிக்காட்டுத்தனமான. ஒலிட் என்றால் வீச்சமடிக்கிற. எல்லாம் அதே பட்டியல். ஒலிட் என்ற சொல்லைத் தூக்கிப்போட நினைத்தவர் ஒரு நாளாவது உறைந்த ஒட்டுப்பால் குவித்து வைத்திருக்கும் கித்தா எனும் ரப்பர் ஆலைப் பக்கம் வந்திருக்க மாட்டார். வந்திருந்தால் அந்த ஒரு சொல் போதாது, இன்னும் பத்து வேண்டும் என்று சொல்லியிருப்பார். பள்ளிக்கூட பஸ்ஸில் ஆலையைத் தாண்டும்போது நாங்கள் மொத்தப் பேரும் மூக்கைப் பிடித்துக்கொள்வோம், ஆலைக்காரர் பிள்ளைகள் மட்டும் பிடிக்க மாட்டார்கள், அவர்களுக்கு அது பழகிப்போன வாசனை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. இரவில் பாத்திரம் கழுவி முடித்ததும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறப்பது, பழைய அடைமொழி ஒன்றைப் பிடிப்பது, இது தோட்டத்தில் யாருக்குப் பொருந்தும் என்று யோசிப்பது. பொருந்தாத சொல் மிகக் குறைவு. ஆன்டிலூக்கன் என்று ஒரு சொல், லத்தீனில் இருந்து வந்தது, விடிவதற்கு முன்னான என்று பொருள். லண்டனில் இதை யாருக்கு வைத்துச் சொன்னார்களோ, எங்களுக்கு அது பால் வெட்டுகிறவர்களின் சொல். விடியும் முன் குளிரில் வெட்டினால்தான் பால் ஒழுங்காக வடியும், வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து வடிவது மட்டுப்படும், அதனால் நாலரைக்கு எழுந்து, கட்டுச்சோறு கட்டி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அம்மாவின் முப்பது வருஷமும் ஆன்டிலூக்கன்தான்.

பெரட்டு என்றதும் ஸ்டென்டோரியன். ஹோமரின் காவியத்தில் ஸ்டென்டார் என்று ஒருவன், ஐம்பது பேர் குரல் அவன் ஒருவன் குரல். அவன் பெயரில் வந்த அடைமொழி இது. ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் எங்கள் தண்டலுக்கு ஒலிபெருக்கி கிடையாது, தேவையும் கிடையாது, ஆறாம் நம்பர் லயத்தின் கடைசி வீட்டில் படுத்திருப்பவனும் எழுந்துவிடுவான். இதற்கு நேர் எதிர் லாகோனிக். கிரேக்க தேசத்தில் ஸ்பார்ட்டா இருந்த நிலப்பகுதி லகோனியா, அங்கே உள்ளவர்கள் சுருக்கமாகப் பேசுவதில் பேர் போனவர்கள். மாசிடோனியாவின் பிலிப் மன்னன், நான் உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் தரைமட்டமாக்கிவிடுவேன் என்று சொல்லியனுப்பினானாம், அவர்கள் திருப்பி அனுப்பிய பதில் ஒரே ஒரு சொல், “நுழைந்தால்”. எங்கள் பக்கத்து வீட்டு மாமா அந்த ஊரில் பிறக்க வேண்டியவர். பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, பையன் சிங்கப்பூரில் வேலை, என்ன சொல்கிறீர்கள் என்று மாமி அரைமணி நேரம் கேட்ட கேள்விக்கு “ம்” என்றார். மாமி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார், கல்யாணம் நடந்துவிட்டது.

அப்புறம் கள்ளுக்கடை. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலம் அது. பிப்யுலஸ் என்றால் குடியில் நாட்டமுள்ள, கிராப்யுலஸ் என்றால் குடித்ததன் பலனை அனுபவிக்கிற. சனிக்கிழமை சாயங்காலம் முதலாவது, ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது. பிப்யுலஸ் என்பதற்கு ஈரத்தை உறிஞ்சுகிற என்றும் ஒரு பொருள் இருக்கிறது, மை ஒற்றும் தாளுக்குக்கூட அதைச் சொல்லலாம். ஒரு சொல்லுக்குள் சித்தப்பாவையும் ஒற்றுத்தாளையும் ஒன்றாக உட்கார வைத்த மொழியை நான் கொஞ்சம் மதிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லாச் சொல்லும் மதிப்புக்குரியதா என்றால் இல்லை. பாதிக்கு மேல் லத்தீன் படித்தவர்கள் அலட்டிக்கொள்ளச் செய்து வைத்தவை. இடென்ட்யுலஸ் என்று ஒன்று, பல் இல்லாத என்று அர்த்தம். இதை வாயில் போட்டு மெல்லவே முப்பத்திரண்டு பல் வேண்டும். நம் ஆள் “பொக்கை” என்று இரண்டு உதட்டைச் சேர்த்து முடித்துவிடுவான், சொல்லும்போதே சொல்பவன் வாயும் கொஞ்சம் பொக்கையாகிவிடும். லாக்ரிமோஸ், எதற்கெடுத்தாலும் கண்ணீர் விடுகிற, நமக்கு அழுமூஞ்சி. இப்படி நீட்டி முழக்கும் சொற்களுக்கே செஸ்க்விபிடேலியன் என்று ஒரு கிண்டல் அடைமொழி வைத்திருக்கிறார்கள், ஒன்றரை அடி நீளமான என்று பொருள். சொல்லே ஒன்றரை அடிதான்.

எனக்குப் பிடித்தவை குட்டைச் சொற்கள், அதிலும் ஸ்காட்லாந்துச் சொற்கள். சேம்பர்ஸ் எடின்பரோவில் பிறந்த அகராதி, 1901இல் முதல் பதிப்பு, அதனால் ஸ்காட்லாந்துச் சொற்களுக்கு அதில் தாராளமாக இடம் உண்டு. மலாயாத் தோட்டத் துரைகளிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய, ஆகவே இந்தப் புத்தகம் கப்பலேறி எங்கள் பக்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ட்ரீக் என்றால் மூட்டம் போட்டு, நசநசவென்று, எப்போது விடும் என்று தெரியாமல் இழுக்கிற வானிலை. நவம்பர் மாதம் எங்கள் ஊரில் வந்து நின்று பாருங்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் வருகைக் கணக்கில் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை, அந்தக் காலையின் முகத்துக்கு ட்ரீக் என்பது சரியான பெயர். த்ரான் என்றால் முறுக்கிக்கொண்ட, கோணலான, சொன்ன பேச்சைக் கேட்காத. இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “நான் அப்படியில்ல” என்றார். அதுதான் த்ரான்.

கிரகங்கள் பக்கம் வந்தபோதுதான் வீட்டில் எல்லாருக்கும் அகராதி மேல் மரியாதை வந்தது. வெள்ளைக்காரனுக்கும் கிரகபலன் உண்டு என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஜோவியல், சிரித்த முகம், எப்போதும் உற்சாகம். ஜோவ் என்பது ஜூபிட்டருக்கு இன்னொரு பெயர், அதாவது வியாழன், நம் குரு. குரு பார்த்தால் கோடி நன்மை என்று நாம் சொல்வதை அவர்கள் ஒரே அடைமொழியில் அடக்கிவிட்டார்கள். சாட்டர்னைன், இருண்ட முகம், மந்தம், கடுகடுப்பு; சனி. விளக்கமே வேண்டாம், அத்தைக்கு ஏழரை நடந்த வருஷங்களில் வீடு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். மெர்க்யூரியல், நொடிக்கு நொடி மாறுகிற, சுறுசுறுப்பான, புத்தி கூர்மையான, புதன். மார்ஷியல், சண்டைக்குரிய, செவ்வாய். சுக்கிரனுக்கு வீனஸ் என்று பெயர், அதிலிருந்தும் ஓர் அடைமொழி வந்திருக்கிறது, அது இப்போது ஆஸ்பத்திரியில் மட்டும், அதுவும் மெதுவான குரலில் சொல்லும் சொல், மகன் கேட்டான், நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

உடம்பு விஷயத்திலும் இப்படித்தான். நமக்கு வாதம், பித்தம், கபம் என்று மூன்று. அவர்களுக்கு ரத்தம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம், கபம் என்று நாலு. ரத்தம் மிஞ்சினால் சாங்குவின், நம்பிக்கையும் மலர்ச்சியும். மஞ்சள் பித்தம் மிஞ்சினால் காலரிக், முன்கோபம். கபம் மிஞ்சினால் ஃப்ளெக்மாட்டிக், எது நடந்தாலும் அசையாத ஆள். மெலங்காலிக் என்ற சொல்லைப் பிரித்தால் கிரேக்கத்தில் கரும்பித்தம் என்றே வருகிறது. பித்தம் தலைக்கேறிவிட்டது என்று அம்மா திட்டுவதற்கு இவ்வளவு பெரிய சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

டாட்ரி பற்றியும் சொல்ல வேண்டும். பளபளவென்று இருந்தாலும் மலிவான, ரசனை கெட்ட என்று பொருள். இங்கிலாந்தில் ஈலி என்ற ஊரில் ஆட்ரி என்ற புனிதவதி, 679இல் இறந்தார், தொண்டையில் கட்டி. சின்ன வயதில் ஆசை ஆசையாகக் கழுத்து நகை போட்டதற்குத்தான் இந்தத் தண்டனை என்று அவரே சொல்லிக்கொண்டாராம். பின்னால் அவர் பெயரில் நடந்த சந்தையில் பெண்கள் கழுத்தில் கட்டும் பட்டு நாடா விற்றார்கள், அதற்கு செயின்ட் ஆட்ரி லேஸ் என்று பெயர், அது வாயில் தேய்ந்து டாட்ரி லேஸ் ஆகி, தரம் குறையக் குறைய டாட்ரி மட்டும் மிஞ்சியது. நகை வேண்டாம் என்று வருந்திச் செத்தவர் பெயரை மட்ட நகைக்கு வைத்துவிட்டார்கள் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு மூன்று ஜோடி தோடு விற்கிறவரிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை, நானும் மூன்று ஜோடி வாங்கினேன்.

இப்போது குறைக்கு வருகிறேன், இது சின்னக் குறை இல்லை.

இந்த அகராதி பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்கிறது. ஷேக்ஸ்பியர், ஸ்பென்சர், மில்டன், பழைய பைபிள் படிக்கிறவர்களுக்காகச் செத்துப்போன சொற்களையும் செத்துப்போன பொருள்களையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் இது வழக்கொழிந்தது என்பதை மூன்றெழுத்துச் சுருக்கமாக, எறும்பு அளவு எழுத்தில், அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் எனக்குக் கண்ணாடி போட்டாலே தெரியவில்லை. படிவம் ஐந்தில் எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்குக் கண் தெரியும், பொறுமைதான் கிடையாது.

ஆங்கிலச் சொற்கள் காலப்போக்கில் குட்டிக்கரணம் போட்டதற்கு அளவே இல்லை. நைஸ் என்பது லத்தீனில் அறியாதவன் என்ற பொருளில் தொடங்கி, முட்டாள் என்று ஆகி, நுணுக்கம் என்று ஆகி, இப்போது வாட்சப்பில் கட்டைவிரலோடு வரும் சொல்லாகிவிட்டது. சில்லி என்பது ஆதியில் பாக்கியம் பெற்ற, ஆசீர்வதிக்கப்பட்ட. அப்படியே இறங்கி இறங்கிப் பாவம், அப்பாவி, அசடு. நாட்டி என்றால் ஒன்றுமில்லாத, கையில் காசில்லாத. பக்ஸம் என்றால் வளைந்து கொடுக்கிற, பணிவான. எக்ரீஜியஸ் என்றால் மந்தையிலிருந்து தனித்து நிற்கிற, சிறந்த. இப்போதோ படுமோசமான, மன்னிக்க முடியாத. நம்மிடமும் இது நடந்ததுதான். நாற்றம் என்றால் அந்தக் காலத்தில் நறுமணம், இன்று யாரையாவது அப்படிப் பாராட்டிப் பாருங்கள். கிழவன் என்றால் உரிமை உள்ளவன், தலைவன். அப்பா இந்த இடத்தில் குறுக்கிட்டு, கடி என்ற ஒரே உரிச்சொல்லுக்கு நன்னூலில் பதின்மூன்று பொருள் இருக்கிறது, காவல், கூர்மை, அச்சம், புதுமை என்று விரல் மடக்க ஆரம்பித்துவிட்டார், எட்டுக்கு மேல் அவருக்கே ஞாபகம் வரவில்லை, இன்றைக்கு உள்ள கொசுக்கடி அந்தப் பட்டியலில் சேருமா என்று மகன் கேட்டான்.

இந்த மகன்தான் வினையை இழுத்துவிட்டான். பள்ளியில் ஆங்கிலக் கட்டுரை, நான் மதிக்கும் மனிதர் யார் என்று தலைப்பு. பையன் தாத்தாவைப் பற்றி எழுதினான். என் தாத்தா ஓர் எக்ரீஜியஸ் கிராணி. அவர் முகம் எப்போதும் சில்லியாக இருக்கும். என் பாட்டி அவருக்கு முப்பது வருஷம் பக்ஸமான மனைவியாக வாழ்ந்தார். எல்லாம் அகராதியைப் பார்த்து எழுதியது, எல்லாம் அகராதியில் இருக்கிறது, எல்லாம் பல நூறு வருஷத்துக்கு முந்தின பொருள். தாத்தா தலைசிறந்தவர், முகத்தில் தெய்வ களை, பாட்டி பணிவானவர் என்று அவன் நினைத்து எழுத, தாத்தா படுமோசமான கிராணி, முகம் அசட்டுத்தனம் என்று ஆசிரியை படித்திருக்கிறார். பக்ஸம் என்பதற்கு இன்றைய பொருள் வேறு, உடல்வாகைப் பற்றியது, அதைப் பாட்டிக்குப் போடும் பேரனை எந்த ஆசிரியையும் கூப்பிட்டு விசாரிக்கத்தான் செய்வார். அந்தச் சொல்லின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு, பக்கத்தில் பெற்றோர் வரவும் என்ற குறிப்பு.

போனேன். அகராதியைத் தூக்கிக்கொண்டே போனேன், மோட்டார் சைக்கிள் கூடைக்குள் வைத்து. பழைய காலத்தில் இங்கிலாந்துக் கல்யாணச் சடங்கில் மணப்பெண் கணவனுக்குப் பக்ஸமாக இருப்பேன் என்று வாக்குக் கொடுப்பாள், அந்த அர்த்தத்தில்தான் பையன் எழுதியிருக்கிறான் என்று சொன்னேன். ஆசிரியை சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, “எஸ்.பி.எம். தாள் திருத்துகிறவர் கையில் இந்தப் புத்தகம் இருக்காதுங்களே அக்கா” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது நியாயம்.

ஆகவே படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் இதை வாங்கினால், பரீட்சை முடியும் வரை பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கட்டுரைக்குச் சொல் வளம் சேர்க்கும் என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு இந்த அகராதி ஒரு நட்சத்திரம்கூடப் பெறாது. அதற்கு மாணவர் அகராதிகள் கடையில் புதிதாகவே கிடைக்கின்றன, எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு. சேம்பர்ஸில் எடுத்துக்காட்டு வாக்கியம் அதிகம் இல்லை. இன்னொன்று, ஒரு வேரிலிருந்து வந்த சொற்களையெல்லாம் தலைச்சொல்லின் கீழே குடும்பமாக அடைத்து வைத்திருப்பார்கள், லயத்து வீடு மாதிரி ஒரே கூரை, பல வாசல். தேடும் சொல் எந்த வாசலில் இருக்கிறது என்று பழகும் வரை தடுமாற வேண்டியிருக்கும். நடுவில் குறும்பும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும், எக்லேர் என்ற கேக்குக்கு நீளம் அதிகம், ஆயுள் குறைவு என்று விளக்கம் எழுதிய நிறுவனம் இது.

கட்டுரை விஷயம் வீட்டில் இரவு தெரிந்தது. அம்மா போட்டோவுக்கு முன்னால் வைத்து இதையெல்லாம் படிக்காதே என்று மகனைச் சத்தம் போட்டேன். அப்பா கட்டுரையைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கிட்டே வைத்து, முதல் வரியிலேயே நின்றுவிட்டார். எக்ரீஜியஸ். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் சொன்ன கதை இது. வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷம், செக்ரோலில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் பேர் கூடுதலாக விழுந்துவிட்டது. துரை ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினான், மூன்று வரி, அதில் எக்ரீஜியஸ் என்று ஒரு சொல். அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது. பெரிய கிராணிக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி தலையாட்டினார். ஆங்கிலத்தில் கிரேட், கிரேஸ் எல்லாம் நல்ல சொல், இதுவும் அந்த ஜாதியாக இருக்கும், தப்பைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு பாராட்டும் வைத்திருக்கிறான் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினார்கள். இரண்டு நாள் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார், வீட்டில்கூடச் சொல்லிவிட்டார். சம்பளத்தில் பிடித்தம் வந்தபோதுதான் அது பாராட்டு இல்லை என்று தெரிந்தது. அகராதி எங்கே இருந்தது என்றால் கண்ணுக்கு எதிரே, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், துரை மேசையில். கேட்டுப் பார்த்திருக்கலாமே அப்பா என்றேன். “கேக்கலாம். ஏன்னு கேப்பான்ல?” என்றார்.

சொல்லிவிட்டு அகராதியை மடியில் வைக்கச் சொன்னார். ஈ எழுத்தைத் தேடி, தாள் தாளாக எச்சில் தொட்டுப் புரட்டி, அந்த இடத்துக்கு வந்தார். இரண்டு பொருளும் அங்கே இருந்தன. சிறந்த என்பதை விரலால் தடவிப் பார்த்தார். “அப்ப நாங்க நெனச்சது முழுத் தப்பு இல்ல” என்றார். பேரனைக் கூப்பிட்டு, கட்டுரையில் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றாதே என்றார். பையன் மாற்றிவிட்டான், மதிப்பெண் வேண்டுமே. அப்பா மட்டும் பென்சிலால் அகராதி ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

இப்போது புத்தகம் அவர் அறையில்தான் இருக்கிறது, நான் பார்க்க வேண்டுமென்றால் அவர் தூங்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். எடை காரணமாக மடியில் அதிக நேரம் வைக்க முடியவில்லை என்று, அம்மியை வைக்க வைத்திருந்த பலகையைக் கழுவித் தாங்கியாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பாச்சை உருண்டை வாசனைக்கு இரண்டு நாள் நிழலில் காற்றாட வைத்தால் பாதி போகும், வெயிலில் வைக்காதீர்கள், முதுகுப் பசை விட்டுவிடும், நான் வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். ராமபாணத்துக்குக் காய்ந்த வேப்பிலை போட்டிருக்கிறேன், பலன் பார்க்க வேண்டும்.

கடையைப் பற்றி: சேவை என்று தனியாக ஒன்றும் இல்லை. தவுக்கே பெஞ்சில் உட்கார்ந்து நாலு நம்பர் லாட்டரி முடிவு பார்த்துக்கொண்டிருப்பார், அலமாரியை நீங்களேதான் குடைய வேண்டும். அட்டை இல்லாத புத்தகத்துக்குத் தாமாகவே விலை குறைக்க மாட்டார், கேட்டால் குறைப்பார், தமிழில் கேட்டால் இன்னும் கொஞ்சம் குறைப்பார். கரையான் தின்ற விஷயத்தை வாங்கும்போது அவர் சொல்லவில்லை, அதற்குத்தான் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். போன வாரம் போய் ஒய், இசட் இல்லையே என்று சொன்னதற்கு, “அதுல என்னா பெரிய வார்த்தை இருக்கு தங்கச்சி” என்றார். இருந்தாலும் தேடிப் பார்த்தார். அதே அலமாரியில் கீழ்த் தட்டில் இன்னொரு சேம்பர்ஸ் இருக்கிறது, நீல அட்டை, பின்பக்கம் முழுசாக இருக்கிறது, ஆனால் முன்னால் ஏ, பி இரண்டும் இல்லை. 12 வெள்ளி சொல்கிறார். யாருக்காவது வேண்டுமென்றால் காலையில் போங்கள், மத்தியானம் கடையில் இருட்டு, விளக்குப் போட மாட்டார். கையில் ரொக்கம் வேண்டும், கியூஆர் எல்லாம் கிடையாது. துடைக்க ஒரு பழைய துணியும் எடுத்துக்கொண்டு போங்கள்.